மாடிக்கு வைஃபை ஏறவில்லையா? மெஷ் பெட்டி வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

எங்கள் வீடு பாளையங்கோட்டையில். அகலம் 18 அடி, நீளம் 70 அடிக்கு மேல். பட்டாசல், ஓர் அறை, இன்னோர் அறை, அடுப்படி, புறவாசல் என்று ரயில் பெட்டி மாதிரி போய்க்கொண்டே இருக்கும், மேலே அதே கணக்கில் ஒரு மாடி. ஃபைபர் லைன் வந்து இறங்குவது வாசல் பக்கம், டிவிக்குப் பின்னால். நான் உட்கார்ந்து வேலை பார்ப்பதோ மாடியில் கடைசி அறையில். நடுவில் மூன்று ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், ஒரு கான்கிரீட் தளம், அம்மாவின் இரும்பு பீரோ. மாதாமாதம் பணம் கட்டுவது 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு, என் மேஜைக்கு வந்து சேர்ந்தது ஆறோ ஏழோ. மீட்டிங்கில் நான் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கும் படத்தை ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஸ்டிக்கராகவே ஆக்கிவிட்டார்கள்.

முதலில் ஒரு ரிப்பீட்டர் (வைஃபை சிக்னலைப் பிடித்துத் திரும்பப் பரப்பும் பெட்டி) வாங்கிக் காசைத் தொலைத்தேன். அப்புறம் மெஷ் (ஒரே வைஃபை பெயரில் சேர்ந்து வேலை செய்யும் இரண்டு மூன்று பெட்டிகள்) வாங்கி, அதையும் தப்பாக மாட்டி, நாலு நாள் அல்லாடினேன். ஒரு மத்தியானத்தில் முடிகிற வேலை எனக்கு 11 நாள் இழுத்தது. அதில் பெட்டியின் குற்றம் ஒன்றுமில்லை, நான் கேட்க வேண்டியதை முதலில் கேட்கவில்லை, போட வேண்டிய வயரைப் போடவில்லை, அவ்வளவுதான். நீங்கள் அந்த 11 நாளை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.

1. பணத்தை எடுக்கும் முன் வீட்டை அளந்துவிடுங்கள்

லைன்காரர்கள் ‘மோடம்’ என்று சொல்லும் அந்த வெள்ளைப் பெட்டிக்குச் சரியான பெயர் ஓஎன்டி. அதன் லேன் போர்ட்டில் ஒரு கேபிளைச் சொருகி லேப்டாப்பில் ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். லேப்டாப்பில் போர்ட் இல்லையென்றால் ஓஎன்டிக்கு இரண்டடி தள்ளி நின்று போனில் பாருங்கள், ஆனால் போன் 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயரில் (வைஃபை 2.4, 5 என்று இரண்டு அலைவரிசையில் வரும்) சேர்ந்திருக்கிறதா என்று கவனித்துக்கொள்ளுங்கள், 2.4-ல் இருந்தால் பக்கத்தில் நின்றாலும் வேகம் குறைவாகத்தான் காட்டும். ஓஎன்டி பக்கத்திலேயே பிளான் வேகம் வரவில்லையா? அப்படியானால் கோளாறு லைனில். மெஷ் வாங்கி ஒரு பிரயோசனமும் இல்லை, புகார் எழுதுங்கள்.

அங்கே சரியாக இருந்தால், சிக்னல் அளவு காட்டுகிற ஏதாவது ஒரு வைஃபை ஆப்பைப் போனில் போட்டுக்கொண்டு வீடு முழுக்க மெதுவாக நடங்கள். கணக்கு டிபிஎம் என்ற அளவில், மைனஸில் வரும். -50 என்றால் அருமை, -67 வரை வீடியோ கால் தாங்கும், -75-ஐத் தாண்டினால் குரல் வெட்டும். எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் -58 காட்டியது. அங்கிருந்து நாலே எட்டு, பீரோவுக்குப் பின்னால் போனால் -74. ஒரு பீரோ செய்கிற வேலை அது. அறை அறையாக ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய இந்தத் தாள்தான் வேண்டும்.

இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட், மொத்தமே 900 சதுர அடி என்றால், டிவிக்குப் பின்னால் மாட்டிக் கிடக்கிற ஓஎன்டியை ஹாலின் நடுச்சுவருக்கு மாற்றினாலே பெரும்பாலும் போதும். ஃபைபரை நீங்களாக இழுக்காதீர்கள், மடங்கினால் உள்ளே கண்ணாடி இழை போய்விடும். லைன்மேனைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள்.

2. கையில் இருக்க வேண்டிய விவரங்கள்

நான் சறுக்கிய முதல் இடம் இதுதான். பெட்டியைப் பிரித்து மாட்டின பிறகு ராத்திரி எட்டரைக்கு கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு ‘பாஸ்வேர்டு என்ன’ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஆர்டர் போடுவதற்கு முன்பே இவற்றைச் சேர்த்துவிடுங்கள்:

கஸ்டமர் ஐடி, கணக்கில் பதிவான மொபைல் நம்பர் (ஓடிபி அதற்குத்தான் வரும், எங்கள் வீட்டில் அது அப்பாவின் பழைய நம்பர்). உங்கள் லைன் பிபிபிஓஇ வகையா (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து நெட்டுக்குள் நுழைகிற முறை), ஆம் என்றால் அதன் யூசர்நேம், பாஸ்வேர்டு, வீலேன் நம்பர் (லைன்காரர் தரும் ஓர் எண்). ஓஎன்டிக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டு, பொதுவாகப் பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். இப்போது இருக்கிற வைஃபை பெயரும் பாஸ்வேர்டும், ஓர் எழுத்து மாறாமல். சிசிடிவி இருந்தால் அந்த டிவிஆரின் (கேமராப் படத்தைப் பதியும் பெட்டி) ஐபி நம்பர், அதாவது வீட்டு நெட்டில் அதன் முகவரி. கடைசியாக, ஓஎன்டியின் பின்பக்கம் எந்த வயர் எந்த ஓட்டையில் இருக்கிறது என்று ஒரு போட்டோ.

லைன் கொடுத்தவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். ‘பிரிட்ஜ் மோட் போட்டுத் தருவீர்களா?’ (ஓஎன்டி ரூட்டர் வேலையை விட்டுவிட்டு லைனை மட்டும் கடத்துவது.) ‘லைன் மேக் நம்பரோடு பூட்டியிருக்கிறதா?’ (ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ள தனி அடையாள எண்.) உள்ளூர் ஆபரேட்டர்கள் சிலர் முதலில் மாட்டிய ரூட்டரின் மேக் நம்பரைப் பதிந்து வைத்திருப்பார்கள், வேறு பெட்டி மாட்டினால் நெட் எழும்பாது, அவர்கள் பக்கம் அழித்துப் புதிதாகப் பதிய வேண்டும். எனக்குப் பதில் கிடைக்க மூன்று போன், இரண்டு நாள் ஆனது. முதல் ஆள் பிரிட்ஜ் மோட் என்றால் என்ன என்று என்னிடமே கேட்டார். ஏரியா லைன்மேனின் நம்பரை எப்படியாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கஸ்டமர் கேரைவிட அவர் சீக்கிரம் முடித்துத் தருவார்.

3. எந்தப் பெட்டி, எத்தனை?

அட்டையில் ‘ஏசி 1200’ என்று போட்டிருந்தால் 1200 எம்பிபிஎஸ் வரும் என்று அர்த்தமில்லை. 2.4-ல் 300, 5-ல் 867, இரண்டையும் கூட்டி உருட்டித் திரட்டிப் போட்ட எண் அது. உங்கள் போன் ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றில்தான் இருக்கும். ‘நாலாயிரம் சதுர அடிக்குப் போதும்’ என்பதையும் அப்படியே பாதியாக்கிக்கொள்ளுங்கள், நம் ஊர்ச் செங்கல் சுவரையும் கம்பி கட்டிய தளத்தையும் மனதில் வைத்து எழுதிய கணக்கில்லை அது.

நான் பார்க்கச் சொல்வது போர்ட்டை. விலை குறைந்த மாடல்களில் 100 எம்பிபிஎஸ் போர்ட்தான் இருக்கும், அதில் எப்படிப் பார்த்தாலும் 94, 95-க்கு மேல் ஏறாது. உதாரணத்துக்கு, டிபி-லிங்க் டெகோவில் இ4 மாடலில் இருப்பது 100 போர்ட், எம்4-ல் ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட். இரண்டும் ஏசி 1200-தான், பார்க்கவும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உங்கள் பிளான் 100-க்கு மேல் என்றால் ஜிகாபிட் போர்ட் இல்லாத பெட்டி வேண்டவே வேண்டாம்.

எண்ணிக்கை? ஒரு மாடி உள்ள வீட்டுக்கு இரண்டு பெட்டி. மூன்று பெட்டி செட் விலை குறைவாகத் தெரிகிறதே என்று வாங்கினால், மூன்றாவது சும்மா இருக்கும், அல்லது மற்ற இரண்டோடு சண்டை போடும். போதாவிட்டால் பிறகு ஒன்று சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அதே கம்பெனி, அதே மெஷ் குடும்பம்தான். வேறு கம்பெனிப் பெட்டி சேரும் என்று நம்பி வாங்காதீர்கள். வைஃபை 6 (ஏசி-க்கு அடுத்த தலைமுறை) உள்ள செட் கைக்கு எட்டினால் நல்லது, எட்டாவிட்டால் அந்தப் பணத்தை அடுத்த படியில் போடுங்கள்.

4. வயர் போடுங்கள், சத்தியமாகச் சொல்கிறேன்

‘மெஷ் என்றாலே வயர் இல்லாமல்தானே’ என்று நானும் நினைத்தேன். வயர் இல்லாமலும் ஓடும். ஆனால் இரண்டு பேண்ட் (2.4, 5 அலைவரிசைகள்) மட்டும் உள்ள பெட்டியில், மேல் பெட்டி கீழ்ப் பெட்டியோடு பேசுவதற்கும் உங்கள் லேப்டாப்போடு பேசுவதற்கும் அதே 5 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோவைத்தான் பயன்படுத்துகிறது. ஒரே வாயால் கேட்டும் சொல்லியும் ஆக வேண்டியிருப்பதால் வேகம் பாதிக்குப் பாதி போய்விடும். ரிப்பீட்டரில் நான் ஏமாந்ததும் இதே காரணத்தால்தான். மூன்று பேண்ட் பெட்டிகளில் பெட்டிகளுக்குள் பேசிக்கொள்ளப் பெரும்பாலும் தனி ரேடியோ உண்டு, விலையும் அதற்கேற்ப. எங்கள் வீட்டில் வயர் இல்லாமல் மேல் அறையில் 60 வந்தது. வயர் போட்டதும் 190. பெட்டி அதே பெட்டி.

கேட் 6 கேபிள் 25 மீட்டர் வாங்கினேன், கடையில் மீட்டர் 28 ரூபாய். இதில் ஒரு தில்லுமுல்லு உண்டு: செப்புப் பூச்சு பூசிய அலுமினியக் கம்பியையும் கேட் 6 என்றே விற்கிறார்கள். முனையில் ஒரு கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளியாக மின்னினால் அது அலுமினியம், வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கேபிள் டிவிக்காகப் போட்ட பழைய பைப் சுவருக்குள் காலியாகக் கிடக்கிறதா என்று பாருங்கள், எங்களுக்கு அது வழியாகத்தான் ஏறியது. கரண்ட் வயர் போகிற பைப்பில் இதைச் சேர்த்துத் திணிக்க விடாதீர்கள். வெளிச்சுவர் வழியாகத்தான் போக முடியும் என்றால் வெயில் தாங்கும் கறுப்பு அவுட்டோர் கேபிள் வாங்குங்கள், மொட்டை மாடித் தளத்தின் மேல் நீளமாக இழுக்காதீர்கள். ஐப்பசி இடிக்கு எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் பெட்டி போயிருக்கிறது.

முனை போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். எங்களுக்குப் போட வந்தவர், ‘அண்ணாச்சி, எட்டுக் கம்பியில நாலு போதும், நெட்டு சூப்பரா வரும்’ என்றார். நெட் வந்தது, சரியாக 94-ல் நின்றது. ஆப்பில் போய்ப் பார்த்தால் இணைப்பு 100 என்று காட்டியது. 100-க்கு நாலு கம்பி போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். முனையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், பழுப்பு ஜோடி இரண்டும் கண்ணாடி முனையின் கடைசி வரை போகாமல் பாதியிலேயே நின்றிருந்தன, நீல ஜோடியைக் காணவே காணோம். வெட்டி எறிந்துவிட்டுத் திரும்பப் போட வைத்தேன். வரிசை இது: ஆரஞ்சு கோடு போட்ட வெள்ளை, ஆரஞ்சு, பச்சைக் கோடு போட்ட வெள்ளை, நீலம், நீலக் கோடு போட்ட வெள்ளை, பச்சை, பழுப்புக் கோடு போட்ட வெள்ளை, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. வந்த ஆளை அனுப்புவதற்கு முன் (பெட்டி இன்னும் வரவில்லையென்றால் லேப்டாப்பில்) இணைப்பு ‘1000’ என்று காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

வாடகை வீடு, வயருக்கு வழியே இல்லை என்றால் பரவாயில்லை, 7-ஆம் படியை மட்டும் பிசகாமல் செய்யுங்கள்.

5. வீட்டில் இரண்டு ரூட்டர் வேண்டாம்

ஓஎன்டியே ஒரு ரூட்டர். மெஷ் பெட்டியும் ரூட்டர். ஒன்றன் பின் ஒன்றாக மாட்டினால் நெட் ஓடும், அதனால்தான் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஓஎன்டியில் சொருகிய பிரின்டர் லேப்டாப்புக்குத் தெரியாது, சிசிடிவியை வெளியிலிருந்து பார்க்க முடியாது, பையன் கேம் திறக்க மாட்டேன் என்கிறது என்பான். இரண்டில் ஒருவரை வாயடைக்க வைக்க வேண்டும்.

சுலபமான வழி, மெஷ் ஆப்பில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’. ஓஎன்டி முன்பு போலவே ரூட்டராக இருக்கும், மெஷ் வெறும் வைஃபையை மட்டும் பரப்பும். யாரையும் கெஞ்ச வேண்டாம், டிவிஆரின் ஐபியும் மாறாது. குழந்தைகளுக்கு நேரக் கட்டுப்பாடு மாதிரியான வசதிகள் பெரும்பாலும் ஆப்பில் மறைந்துவிடும், அது ஒன்றுதான் நஷ்டம். பத்தில் எட்டு வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இன்னொரு வழி, ஓஎன்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லி, பிபிபிஓஇ விவரத்தை மெஷ் பெட்டியில் கொடுப்பது. எல்லா வசதியும் கிடைக்கும். ஆனால் லேண்ட்லைன் போனோ, நெட் வழியாக வரும் டிவி பெட்டியோ ஓஎன்டியில் மாட்டியிருந்தால், மாற்றிய பிறகும் அது ஓடுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதைச் செய்தாலும் ஓஎன்டியின் சொந்த வைஃபையை அணைத்துவிடுங்கள், 2.4, 5 இரண்டையும். அதை விட்டுவைத்தால் போன் போய் அதில்தான் ஒட்டிக்கொள்ளும்.

என் நாலு நாளைத் தின்ற பொறி இதோ. நான் முதலில் வைத்திருந்தது ரூட்டர் மோட். மாடிக்குப் போகும் வயரின் கீழ் முனையை, கை எட்டிய இடம் என்று ஓஎன்டியிலேயே சொருகிவிட்டேன். பத்து நிமிஷம் நன்றாக ஓடும், அப்புறம் மேல் பெட்டி சிவப்பு விளக்கு காட்டும். ஆப்பை அழித்துப் போட்டேன், பெட்டியை ரீசெட் செய்தேன், கம்பெனியைத் திட்டினேன். ரூட்டர் மோடில் மேல் பெட்டியின் வயர் கீழ் மெஷ் பெட்டியிலிருந்துதான் கிளம்ப வேண்டும், ஓஎன்டியிலிருந்து கூடாது. ஆக்சஸ் பாயின்ட் மோடில் எதில் சொருகினாலும் சரி. வயரை அரை அடி தள்ளிச் சொருகியதும் முடிந்தது.

6. செட்டப்

இது அரை மணி நேர வேலை, பயப்பட ஒன்றுமில்லை. ஓஎன்டியின் கரண்டை அணைத்து இரண்டு நிமிஷம் பொறுத்துப் போடுங்கள். முதல் பெட்டியைக் கேபிளால் சேருங்கள். போனில் ப்ளூடூத், லொகேஷன் இரண்டையும் போட்டுக்கொள்ளுங்கள், விபிஎன் இருந்தால் அணையுங்கள். மொபைல் டேட்டா இருக்கட்டும், ஆப்பில் கணக்கு திறக்க வேண்டும். இரண்டாவது பெட்டியை நேராக மாடிக்குக் கொண்டு போகாமல் அதே அறையில் வைத்துச் சேர்த்து, ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட்டையும் அங்கேயே முடித்துவிட்டு, அப்புறம் எடுத்துப் போங்கள். விளக்கு நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கூட வந்த தாளைத் தூக்கி எறியாதீர்கள்.

7. எங்கே வைப்பது

சிக்னல் இல்லாத அறையிலேயே கொண்டு போய் வைப்பதுதான் எல்லோரும் செய்வது. வயர் இருந்தால் அது சரி. வயர் இல்லையென்றால் அந்தப் பெட்டிக்கே சிக்னல் கிடைக்காது, அது உங்களுக்கு எங்கிருந்து கொடுக்கும்? தாளில் -60 சுமாருக்குக் காட்டிய இடத்தைத் தேடுங்கள், முதல் பெட்டிக்கும் சிக்னல் இல்லாத அறைக்கும் நடுவில். மாடிப்படி இருக்கும் பக்கம் நல்ல இடம், தளத்தைத் துளைக்காமல் படியின் திறப்பு வழியாகவே சிக்னல் ஏறிவிடும். நெஞ்சு உயரத்தில், வெளியே தெரிகிற மாதிரி வையுங்கள். பீரோவின் தலை, ஃப்ரிட்ஜ் பக்கம், பெரிய கண்ணாடிக்குப் பின்னால், மீன் தொட்டி அருகில், இதெல்லாம் வேண்டாம். அம்மா எங்கள் பெட்டிக்குத் தூசி படும் என்று குரோஷா துணி போட்டு மூடி வைத்தார்கள், சூடு ஏறித் தானாக அணைந்து அணைந்து எழுந்தது.

8. பழைய சாமான்கள்

புது வைஃபைக்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையுமே கொடுங்கள், முக்கால்வாசி சாதனம் தானாகச் சேர்ந்துவிடும். சேராதவை பெரும்பாலும் ஸ்மார்ட் ப்ளக், கேமரா, வைஃபை பல்பு. இவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும், டபிள்யூபிஏ3 என்ற புது வகை வைஃபை பாதுகாப்பும் பலதுக்குப் புரியாது. பழைய வகையான டபிள்யூபிஏ2-க்கு மாற்றிப் பாருங்கள், அல்லது ஆப்பில் 2.4-க்கு மட்டும் தனிப் பெயர் ஒன்று திறந்து அதில் சேருங்கள்.

9. கரண்ட் போனால்

மேல் அறையின் ப்ளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். எங்களுடையது இல்லை. கரண்ட் போனதும் கீழே எல்லோருக்கும் நெட் இருக்கும், எனக்கு மட்டும் போகும். ரூட்டருக்கென்று விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கும்போது அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் ஒத்துப்போக வேண்டும், வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் கூட இருக்கலாம், குறையக் கூடாது.

10. செலவும் நாளும்

எனக்கு ஆனது: இரண்டு பெட்டி செட் 6,200, கேபிள் 700, முனைகளும் கூலியும் 650, யுபிஎஸ் 1,400. மொத்தம் 8,950 ரூபாய். ரிப்பீட்டருக்குப் போட்ட 1,600-ஐ இதில் சேர்க்கவில்லை, மனசு கேட்கவில்லை. லைன்காரரின் பதிலுக்கு இரண்டு நாள், வயருக்கு ஒரு காலை, மாட்டுவதற்கு ஒரு மத்தியானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்ப எத்தனை நாள் என்று பார்த்து, வயர் வேலை முடிந்த பிறகு ஆர்டர் போடுங்கள், முன்னாலேயே வாங்கி அட்டைப்பெட்டியில் வைத்திருந்தால் அந்தக் கெடு தாண்டிவிடும். ஜிஎஸ்டி பில்லையும் பெட்டிகளின் சீரியல் நம்பரையும் போட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பி வையுங்கள், வாரண்டிக்கு இந்த இரண்டையும்தான் கேட்பார்கள்.

11. முதல் வாரம்

மாடியில் நிற்கும்போதும் போன் கீழ்ப் பெட்டியையே பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்னும். எந்தப் பெட்டியில் சேர்வது என்று கடைசியில் தீர்மானிப்பது போன்தான், மெஷ் யோசனைதான் சொல்ல முடியும். வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் தாவிவிடும். எல்லாப் போனும் ஒழுங்காக இருந்து, ஒன்றே ஒன்று மட்டும் அடிக்கடி அறுந்தால், ஆப்பில் ‘ஃபாஸ்ட் ரோமிங்’ (பெட்டி விட்டுப் பெட்டி சீக்கிரம் தாவ உதவும் வசதி) என்பதை அணைத்துப் பாருங்கள், பழைய மாடல்கள் சிலதுக்கு அது ஒத்துவராது. அம்மாவின் போன் அடுப்படிக்குள் நுழைந்ததும் சீரியலை நிறுத்திவிடும், மூன்று நாள் நான்தான் ஏதோ கெடுத்துவிட்டேன் என்று பேச்சு. அதை அணைத்த அன்று சாயங்காலமே சரியாகிவிட்டது.